வாரிசில்லாத மருந்து

யானைக்கால் நோயை ஒழிக்க இந்திய அரசு 2004 முதல் நாடு தழுவிய அளவில் மாத்திரை வழங்கி வருகிறது. வளர்ந்த ஆள் ஒருவருக்கு டி.இ.சி. 100 மில்லிகிராம் மாத்திரை மூன்று, அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று என்பது பழகிப்போன அளவு. புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் இந்த நோயும் புதிதல்ல, இந்த மாத்திரையும் புதிதல்ல. டி.இ.சி. என்று சுருக்கிச் சொல்லப்படும் டைஎத்தில்கார்பமசின் மருந்தாக அறிவிக்கப்பட்டது 1947-இல். அன்று புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. அது இறங்குவதற்கு இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. பிறகு ஆட்சி மாறியது, ஊரின் அதிகாரபூர்வப் பெயர் மாறியது, வாய்க்கால்கள் மாறின. அந்த மூலக்கூறில் மட்டும் ஓர் அணுகூட மாறவில்லை. பழைய மருந்து புழக்கத்தில் இருப்பதில் விசேஷம் ஒன்றுமில்லை, ஆஸ்பிரின் அதைவிடப் பழையது. ஆனால் அதே ஆண்டில் அதே ஆய்வகத்திலிருந்து வெளிவந்த இன்னொரு மூலக்கூறுக்குப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு வம்சமே இன்று மருந்துக்கடைகளில் இருக்கிறது. டி.இ.சி.க்கு அப்படி ஒரு வாரிசுகூட இல்லை. ஏன் இல்லை என்று தேடிப்போனால், மருந்து வேதியியலாளர் என்பவரின் பணிவாழ்வு எதனால் நிறைகிறது, எதனால் வறண்டு போகிறது என்பதும் தெரியவரும்.

மருந்து வேதியியலாளரின் வேலையைப் பற்றிப் பொதுவாக நிலவும் எண்ணம் தவறானது. ஒரு நாள் குடுவைக்குள் அற்புதப் பொருள் ஒன்றைக் கண்டெடுப்பவராக அவரைக் கற்பனை செய்கிறோம். உண்மையில் அவர் செய்வது திருத்தம். நோயின் மீது ஏதோ ஓரளவு விளைவு காட்டும் மூலக்கூறு ஒன்று முதலில் கையில் கிடைக்கிறது. அது வயிற்றிலிருந்து இரத்தத்துக்குப் போகாது, அல்லது கல்லீரல் அதை அரைமணியில் உடைத்துவிடும், அல்லது இதயத்தைத் தொந்தரவு செய்யும். ஓர் ஓரத்தில் மெத்தில் தொகுதியைச் சேர்த்துப் பார்ப்பார், இன்னோர் இடத்தில் ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஃபுளோரினை வைப்பார், வளையத்தைப் பெரிதாக்குவார், சுருக்குவார். ஒவ்வொன்றையும் செய்து உயிரியல் சோதனைக்கு அனுப்பி, வரும் விடையைப் பார்த்து அடுத்ததைத் தீர்மானிப்பார். இப்படி நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் செய்தபின் ஒன்று தேறினால் அது மனிதச் சோதனைக்குப் போகும். போனவற்றிலும் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் மருந்தாகிறது. தொடக்கம் முதல் முடிவுவரை பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும் என்பதால், முப்பத்தைந்து ஆண்டு பணிக்காலத்தில் ஒருவர் இரண்டு மூன்று முழுச் சுற்றுகளைத்தான் பார்க்க முடியும். தாம் தொட்ட ஒரு மூலக்கூறுகூட மருந்துக்கடைக்கு வராமலே ஓய்வு பெற்றவர்கள்தான் இத்துறையில் பெரும்பான்மை. அவர்களைத் தோற்றவர்கள் என்று சொன்னால் இந்தத் தொழிலையே புரிந்துகொள்ளவில்லை என்று பொருள். எனவே வேறோர் அளவுகோல் வேண்டும். அவர் கேட்ட கேள்விகளுக்கு எவ்வளவு விரைவாக, எவ்வளவு நம்பகமாக விடை கிடைத்தது என்பதே அது. விடை கிடைத்தால்தான் திருத்தம் நடக்கும், திருத்தம் நடந்தால்தான் மூலக்கூறு வளரும்.

இரண்டு மூலக்கூறுகளும் பிறந்த இடம் நியூயார்க் மாநிலத்தின் பெர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகம். அதன் ஆராய்ச்சி இயக்குநர் யெல்லப்பிரகடா சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்து, மெட்ரிகுலேஷனில் தவறித் தவறி, கடைசியில் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார் என்பது அவர் வாழ்க்கை வரலாறுகளில் தவறாமல் வரும் செய்தி. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திவிட்டு அமெரிக்கா போனார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து இரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். தசைகளின் ஆற்றல் சேமிப்பான பாஸ்போகிரியேட்டினை அடையாளம் கண்டதிலும், ஏ.டி.பி.யைக் கண்டறிந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஹார்வர்ட் அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-இல் லெடர்லிக்குப் போனார், எட்டே ஆண்டுகளில், 1948 ஆகஸ்டில், இறந்தார். மருத்துவமும் உயிர்வேதியியலும் படித்த அவர் கரிம வேதியியலில் பயின்றவர் அல்லர். குடுவையைக் கையில் பிடித்தவர்கள் வேறு: டி.இ.சி. வரிசையில் சாமுவேல் குஷ்னர், மற்ற மூலக்கூறான அமினோப்டெரினில் டோரிஸ் சீகர். சுப்பாராவை நாம் அஞ்சல்தலையில் அச்சிட்டுவிட்டோம். குஷ்னரையும் சீகரையும் துறைக்கு வெளியே யாருக்கும் தெரியாது. இந்தத் தொழிலில் பெயர் நிற்பதும் வேலை நிற்பதும் ஒன்றல்ல.

முதலில் வம்சம் தழைத்த மூலக்கூறைப் பார்ப்போம். சகோதரர்களை ஸ்ப்ரூ என்ற குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர் சுப்பாராவ். அந்த நோய்க்கும் சில வகை இரத்தசோகைக்கும் தீர்வான ஃபோலிக் அமிலத்தை அவருடைய குழு 1945 வாக்கில் செயற்கையாகத் தயாரித்தது. அதன் வடிவம் தெரிந்தவுடன் அதைப் போலவே தோற்றமளித்து அதன் வேலையைத் தடுக்கும் போலிகளையும் செய்யத் தொடங்கினார்கள். ஃபோலிக் அமிலத்தின் வளையத்தில் இருந்த ஓர் ஆக்சிஜன் தொகுதிக்குப் பதிலாக அமினோ தொகுதியை வைத்தபோது கிடைத்ததுதான் அமினோப்டெரின். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இதை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது என்று 1948 ஜூனில் அறிவித்தார். தணிந்தது தற்காலிகமாகத்தான், ஆனால் அதற்கு முன் அந்த நோயை எந்த மருந்தும் அசைத்ததில்லை. அமினோப்டெரினில் ஒரு நைட்ரஜனின் மேல் மெத்தில் தொகுதி ஒன்றைக் கூடுதலாக ஒட்டினால் மெத்தோட்ரெக்சேட். கருப்பையில் தோன்றும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோய் 1950-களில் இதனால் குணமானது. இன்று வாரம் ஒரு முறை சிறிய அளவில் மூட்டுவாதக்காரர்கள் விழுங்குவதும் இதுதான், நம் ஊர் மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும். அதே தடத்தில் ஹிட்சிங்ஸ், எலியன் என்ற ஆய்வாளர்கள் மலேரியாவுக்குப் பைரிமெத்தமினையும், பாக்டீரியாவுக்கு டிரைமெத்தோப்ரிமையும் உருவாக்கினார்கள். பிரின்ஸ்டனில் எட்வர்ட் டெய்லர் வழியாக வந்த பெமெட்ரெக்செட், நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் வரும் புற்றுநோய்க்கு 2004-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. பிராலாட்ரெக்சேட் 2009-இல் பெற்றது. அறுபது ஆண்டுகளாக, ஒரு தலைமுறை வேதியியலாளர் விட்ட இடத்தில் அடுத்த தலைமுறை தொடங்கியிருக்கிறது.

இனி மற்றது. இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளில் சண்டையிட்ட அமெரிக்க வீரர்கள் ஆயிரக்கணக்கில் யானைக்கால் புழுவைத் தொற்றிக்கொண்டார்கள். காலும் விரையும் வீங்கிவிடும் என்ற பீதி படையில் பரவியது. நூற்றாண்டுகளாக இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருந்த நோய் திடீரென்று அவசர ஆராய்ச்சிப் பொருளானது இப்படித்தான். லெடர்லி குழுவுக்கு ஒரு நல்வாய்ப்பு: அமெரிக்கப் பருத்தி எலிகளின் உடலில் இயற்கையாகவே ஒரு ஃபைலேரியாப் புழு வாழ்கிறது. மனிதனைத் தாக்கும் யானைக்கால் புழுவான வூச்சரேரியா பேன்கிராஃப்டிக்கு அது தூரத்து உறவு. அந்த எலிகளுக்குப் பல வேதிப்பொருள்களைக் கொடுத்துப் பார்த்ததில், பிப்பரசின் வளையத்தின் ஒரு முனையில் மெத்திலும் மறுமுனையில் டைஎத்தில்கார்பமைலும் கொண்ட சின்னஞ்சிறு மூலக்கூறு இரத்தத்திலிருந்த புழுக்குஞ்சுகளைத் துடைத்தெடுத்தது. 1947-லேயே போர்ட்டோ ரிக்கோவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வேலை செய்தது. விசித்திரம் என்னவென்றால், கண்ணாடிக் குழாயில் மைக்ரோஃபைலேரியா எனப்படும் இந்தக் குஞ்சுகளைப் போட்டு இதே மருந்தை ஊற்றினால், சிகிச்சைக்குரிய செறிவில் அவை பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. உயிருள்ள உடலுக்குள் மட்டும் சில மணி நேரத்தில் இரத்தத்தை விட்டு மறைந்து கல்லீரலில் சிக்கி அழிகின்றன. உடலின் தற்காப்பை மருந்து துணைக்கு அழைக்கிறது என்று ஊகித்தார்கள். புழுவின் தசைகளில் உள்ள டி.ஆர்.பி. எனப்படும் அயனி வாயில்களை அது திறந்துவிட்டுத் தற்காலிகமாக முடக்குகிறது என்று சோதனையில் காட்டப்பட்டது 2020 வாக்கில்தான். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோடிக்கணக்கானோர் விழுங்கிய ஒரு மாத்திரை எதைத் தாக்குகிறது என்றே தெரியாமல் இருந்திருக்கிறது. இலக்குப் புரதத்தைத் தனியே பிரித்து வைத்து அதில் ஒட்டும் மூலக்கூறுகளை மட்டும் தேர்ந்தெடுக்கும் இன்றைய முறையில் சோதித்திருந்தால், டி.இ.சி. முதல் சல்லடையிலேயே கழிந்து போயிருக்கும்.

ஏன் வாரிசில்லை என்ற கேள்விக்கு உடனே வரும் பதில் பணம். புற்றுநோய் பணக்காரர்களுக்கும் வரும், யானைக்கால் வாய்க்கால் ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கு வரும். இந்தப் பதிலில் உண்மை நிறைய இருக்கிறது. இன்று டி.இ.சி.யுடன் சேர்த்துத் தரப்படும் மற்ற இரண்டு மருந்துகளைப் பாருங்கள். அல்பெண்டசோல் 1970-களில் ஆடுமாடுகளின் குடற்புழுவுக்காக உருவானது. ஐவர்மெக்டினின் மூலப்பொருள் ஜப்பானிய மண்ணில் சத்தோஷி ஓமுரா கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து வந்தது. அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் அதன் ஓர் இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனைச் சேர்த்து மெருகேற்றினார்கள். 1981-இல் அது சந்தைக்கு வந்தது கால்நடை மருந்தாகத்தான், மனிதர்களுக்கு வந்தது 1987-இல். ஓமுராவும் வில்லியம் கேம்ப்பெல்லும் 2015-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மாட்டுக்கு இருந்த சந்தை மனிதனுக்கு இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஐவர்மெக்டின், அல்பெண்டசோல் இரண்டையும் நிறுவனங்கள் இந்த நோய்க்கு இலவசமாகத் தருகின்றன, டி.இ.சி.யை ஜப்பானின் ஐசாய் நிறுவனம் விசாகப்பட்டினத்தில் தயாரித்து 2013 முதல் உலக சுகாதார நிறுவனத்துக்கு நன்கொடையாக அளிக்கிறது. ஆந்திரத்தில் பிறந்தவர் அமெரிக்காவில் கண்ட மருந்தை ஜப்பானியர் ஆந்திரத்தில் செய்து கொடுக்கிறார்கள். தானத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தானமாகப் போகும் மருந்தைத் திருத்தி மேம்படுத்த எந்த நிறுவனமும் இருபது வேதியியலாளர்களை உட்கார வைக்காது.

இருந்தாலும் பணம் மட்டுமே காரணம் என்று இந்த விசாரணையை மூடிவிட முடியாது. லாபத்தை எண்ணாத அரசு நிறுவனங்கள் இந்தியாவில் இருந்தன, முயன்றும் பார்த்தன. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நித்யா ஆனந்த் குழுவினர் டி.இ.சி.யின் வளையத்தோடு இன்னொரு வளையத்தைப் பிணைத்து சென்ட்பெரசின் என்ற மூலக்கூறை 1970 வாக்கில் உருவாக்கினார்கள். விலங்குகளில் அது புழுவுக்கு எதிராக வேலை செய்தது. மருந்துக்கடைக்கு வரவில்லை. அதே குழுவின் சென்ட்குரோமன் கருத்தடை மாத்திரையாகி ‘சஹேலி’ என்ற பெயரில் இன்றும் விற்கிறது. ஆக, திறமைக்கும் குறைவில்லை, எண்ணத்துக்கும் குறைவில்லை. என் கணிப்பில் பெரிய தடை விடை வரும் வேகம். எலிகளுக்கு எல்1210 என்ற இரத்தப் புற்றுநோயை ஏற்றினால் மருந்து இல்லாதவை இரண்டு வாரத்துக்குள் இறந்துவிடும், மருந்து பலித்தவை பிழைத்திருக்கும். மெத்தோட்ரெக்சேட் வம்சத்தை வளர்த்தவர்களுக்கு மாதம் இருமுறை விடை கிடைத்தது. யானைக்கால் புழுவோ சாதாரண ஆய்வக விலங்கு எதிலும் வளராது. அதன் உறவான புரூஜியா மலாயியை ஜெர்டு என்னும் பாலைவன எலியில் வளர்க்கலாம். ஆனால் கொசுவிலிருந்து எடுத்த குட்டிப்புழு அங்கே முழுப்புழுவாக வளரவே ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதற்குப்பின் மருந்து கொடுத்து, காத்திருந்து, விலங்கைத் திறந்து பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இருபது முறை கற்கும் வேதியியலாளரும் ஆண்டுக்கு இரண்டு முறை கற்கும் வேதியியலாளரும் ஒரே அறிவோடு தொடங்கினாலும் பத்தாண்டு கழித்து ஒரே இடத்தில் இருக்க மாட்டார்கள். இரண்டாமவர் நன்றாகத் தூரெடுத்த கிணற்றில் கயிறு எட்டாமல் நிற்பவரைப் போன்றவர். திறமைசாலிகள் இதை விரைவிலேயே உணர்ந்துகொண்டு வேறு நோய்க்கு மாறிவிடுவார்கள். அப்படி மாறுவதைப் பணத்தாசை என்று சொல்வது அநியாயம். பணிவாழ்வு ஒன்றுதான் இருக்கிறது, அதில் எதையாவது கற்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இந்தக் கணிப்புக்குப் புதுச்சேரியிலேயே ஒரு சான்று இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975-இல் இங்கே தொடங்கப்பட்டது. காரணம் கண்கூடானது: திறந்த சாக்கடைகளிலும் கழிவுநீர்க் குழிகளிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசுவும் அது பரப்பும் யானைக்கால் நோயும் ஊரைப் பிடித்திருந்தன. பி.கே. ராஜகோபாலன் தலைமையில் 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரத்தையே களமாக்கி, பூச்சிக்கொல்லியை நம்பாமல், தேங்கும் நீரை அகற்றுவது, வாய்க்கால்களைச் சீராக்குவது போன்ற வழிகளால் கொசுவைக் குறைத்துக் காட்டினார்கள். குழந்தைகளிடையே புதிய தொற்று இறங்கியது. அதே மையம் கொசுப் புழுக்களைக் கொல்லும் பாசில்லஸ் பாக்டீரியாவில் பி-17 என்ற சொந்த வகையை எடுத்து, அதைத் திரவமாகவும் வில்லையாகவும் தயாரிக்கும் நுட்பத்தை வளர்த்து நிறுவனங்களுக்குக் கொடுத்தது. அதாவது ஒரு பொருளைத் தேடி, சோதித்து, திருத்தி, கைக்கு வரும் சரக்காக்கும் முழு வேலையும் இங்கே நடந்திருக்கிறது. அது எப்படிச் சாத்தியமானது? பாத்திரத்தில் கொசுப் புழுக்களை விட்டு மருந்தை ஊற்றினால் மறுநாள் காலையில் எத்தனை செத்தன என்று எண்ணிவிடலாம். விடை 24 மணி நேரத்தில் வருகிறது. அதே ஊர், அதே மையம், அதே நோய். கேட்ட கேள்விக்கு மறுநாளே பதில் வந்த இடத்தில் புதிய பொருள் பிறந்தது, மூன்று மாதம் காத்திருக்க வேண்டிய இடத்தில் 1947-இன் மாத்திரையே தொடர்ந்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். கொசுவை அடக்கி, பழைய மாத்திரையையே கொடுத்து நோயை விரட்ட முடியும் என்றால் புதிய மருந்து எதற்கு? இலங்கை டி.இ.சி.யும் அல்பெண்டசோலும் கொடுத்து, 2016-இல் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்ற உலக சுகாதார நிறுவனச் சான்றைப் பெற்றுவிட்டது. சீனாவில் டி.இ.சி. கலந்த உப்பு பெரும் பங்காற்றியது, காரைக்காலிலும் அந்த உப்பு சோதிக்கப்பட்டது. புதுச்சேரி மையமே திண்டிவனம் பகுதிக் கிராமங்களில் டி.இ.சி., ஐவர்மெக்டின், வெற்று மாத்திரை மூன்றையும் ஒப்பிட்டு நான்கு சுற்றுச் சோதனை நடத்தி, ஒற்றை வேளை மாத்திரையும் பலன் தரும் என்று 2001-இல் வெளியிட்டது. முன்பு பன்னிரண்டு நாள் தொடர்ந்து கொடுத்த மருந்தை ஆண்டுக்கு ஒரு நாளாக்கிய பெருமாற்றத்துக்கு இத்தகைய களப்பணிதான் ஆதாரம். இவற்றை நான் மறுக்கவில்லை. மூலக்கூறைத் தொடாமல் அதைத் தரும் விதத்தை மாற்றியே நோயைப் பாதிக்கு மேல் வெல்லலாம் என்பதை நம் நாடு நிரூபித்திருக்கிறது. ஆனால் இந்த வெற்றியின் விலையையும் பார்க்க வேண்டும். டி.இ.சி. குஞ்சுகளை அழிக்கிறது, நிணநீர்க் குழாய்களில் சுருண்டு கிடக்கும் பெரிய புழுக்களை அரைகுறையாகத்தான் தாக்குகிறது. அவை ஆண்டுக்கணக்கில் உயிரோடிருந்து மறுபடி குஞ்சு பொரிக்கும். ஆகவே நோயில்லாதவர் உட்பட ஊரில் உள்ள எல்லோரும் ஆண்டுக்கொரு முறை, குறைந்தது ஐந்தாண்டு, விழுங்க வேண்டியிருக்கிறது. உடம்பில் ஒன்றும் இல்லாதவரை மாத்திரை போடச் சொல்வது எவ்வளவு கடினம் என்று வீடு வீடாகப் போகும் பணியாளர்களைக் கேட்டால் தெரியும். பலர் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், போடுவதில்லை. கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கொடுக்கக்கூடாது. ஆப்பிரிக்காவில் ஆற்றுக்குருடு நோய் உள்ள பகுதிகளில் டி.இ.சி. ஆபத்தான எதிர்விளைவுகளை உண்டாக்குவதால் அங்கே இதைப் பொதுவாக வழங்கவே முடியாது. பெரிய புழுவை ஒரே சிகிச்சையில் முடிக்கும் மருந்து இருந்தால், ஊர் முழுவதையும் துரத்தாமல் தொற்று உள்ளவரை மட்டும் கண்டுபிடித்துக் குணமாக்கலாம்.

கணினி இதையெல்லாம் தீர்த்துவிடும் என்று சொல்பவர்களுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். புரதத்தின் வடிவத்தைக் கணிப்பதும் அதில் பொருந்தும் மூலக்கூறைப் பரிந்துரைப்பதும் இன்று நிமிடங்களில் நடக்கிறது. அது வேதியியலாளரின் மேசையில் உள்ள கேள்விகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. புழு செத்ததா என்ற விடையை அது தருவதில்லை. எதைத் தாக்குகிறது என்று எழுபது ஆண்டு தெரியாமலிருந்த மருந்தை எந்த வடிவத்தைப் பார்த்துக் கணினி பரிந்துரைத்திருக்கும்?

வேதியியல் படிக்கும் புதுச்சேரி இளைஞருக்கு இன்று கண்ணெதிரே தெரியும் பாதை காலாப்பட்டில் இருக்கிறது. பல்கலைக்கழகமும் மருந்து மூலப்பொருள் ஆலையும் அங்கேதான். முன்பு ஷாசன் என்ற பெயரில் இயங்கி இப்போது சொலாராவின் கையில் உள்ள அந்த ஆலை ஐபுபுரூஃபனுக்குப் பெயர்போனது. ஐபுபுரூஃபன் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஸ்டூவர்ட் ஆடம்ஸும் ஜான் நிக்கல்சனும் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளைச் சலித்து 1961-இல் கண்டது. அவர்களுக்கும் விரைவான சோதனை ஒன்று வாய்த்திருந்தது: புற ஊதா ஒளிபட்டுச் சிவந்த கினிப்பன்றியின் தோலில் சிவப்பு தணிகிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடலாம். அந்த மூலக்கூறை டன் கணக்கில், தூய்மையாக, மலிவாகச் செய்வது வேறொரு கலை. ஆறு படிநிலையில் செய்ததை மூன்றாகச் சுருக்கியவர்களின் அறிவு கண்டுபிடித்தவர்களின் அறிவுக்குச் சற்றும் குறைந்ததல்ல. 1970-இன் காப்புரிமைச் சட்டம் பொருளுக்கு அன்றி முறைக்கு மட்டுமே உரிமை தந்ததால், இந்திய வேதியியலாளர்களின் இரண்டு தலைமுறை மாற்று வழியில் தயாரிப்பதிலேயே தேர்ந்தது. உலகின் ஏழைகள் மருந்து வாங்க முடிந்தது அதனால்தான். தயாரிப்பு வேதியியலைத் தாழ்வாகப் பேசுவோரின் கண்டுபிடிப்புப் பெருமிதம் எனக்கு ஏற்புடையதல்ல. ஆனாலும் முறையை மாற்றும் வேலை மூலக்கூறை மாற்றுவதில்லை. 2005-இல் பொருளுக்கும் காப்புரிமை வந்தபின் கண்டுபிடிப்பில் இறங்கிய நிறுவனங்களும் நீரிழிவு, புற்றுநோய் என்று விரைவாக விடை கிடைக்கும் நோய்களையே தேடிப் போயின.

பெரிய புழுவைக் கொல்லும் முயற்சிகள் உலகில் இல்லாமலில்லை. புழுவின் உடலுக்குள் குடியிருக்கும் வொல்பாக்கியா பாக்டீரியாவை அழித்தால் புழு மலடாகி மெல்லச் சாகும் என்று தெரிந்து டாக்சிசைக்ளின் பயன்படுத்தினார்கள். பலித்தது, ஆனால் நான்கு முதல் ஆறு வாரம் தினமும் போட வேண்டும், சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. ஜப்பானில் ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்த சேர்மத்தைத் திருத்தி உருவாக்கிய எமோடெப்சைடு ஏற்கெனவே பூனைகளின் குடற்புழு மருந்து. ஆற்றுக்குருடு நோய்க்கு அது ஆப்பிரிக்காவில் சோதிக்கப்படுகிறது. மறுபடியும் கால்நடை மருத்துவத்தின் வாசலில்தான் நிற்கிறோம். வேதியியலாளருக்கு இதில் உள்ள சவால் நுட்பமானது. புழுவை ஒரே நாளில் கொன்றுவிட்டால் நிணநீர்க் குழாய்க்குள் அழுகும் புழுவுக்கு எதிராக உடல் கொதித்தெழுந்து வீக்கமும் காய்ச்சலும் வரும். மிக மெதுவாகக் கொன்றால் நோயாளி மருந்தைப் பாதியில் விட்டுவிடுவார். இடைப்பட்ட வேகத்தில் கொல்லும் மூலக்கூறு வேண்டும், அந்த வேகத்தை அளக்கும் சோதனையும் வேண்டும். ஆண்களின் விதைப்பைக் குழாய்களில் உயிருள்ள புழு நெளிவதை அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம் என்று 1994-இல் பிரேசிலில் காட்டினார்கள். மருந்து கொடுத்தபின் நெளிவு நின்றதா என்று அடுத்தடுத்த வாரங்களில் பார்த்துவிடலாம், மாதக்கணக்கில் இரத்தத்தில் குஞ்சு குறைகிறதா என்று காத்திருக்க வேண்டியதில்லை. இரத்தத்தில் புழுவின் ஆன்டிஜெனைப் பத்து நிமிடத்தில் காட்டும் பட்டைகளும் வந்துவிட்டன. நள்ளிரவில் வீடு தேடிப் போய் இரத்தம் எடுத்துப் பழகிய பணியாளர்கள், நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் மருத்துவர்கள், எலிகளையும் கொசுக்களையும் வளர்க்கத் தெரிந்த ஆய்வாளர்கள் எல்லோரும் இந்த ஊரில் ஏற்கெனவே இருக்கிறார்கள். காலாப்பட்டில் படித்து வெளிவரும் வேதியியலாளர்களில் பத்துப் பேரை அவர்களோடு ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்து, பதினைந்தாண்டுக்குச் சம்பளத்தை உறுதி செய்தால், மூன்று மாதத்தில் வந்துகொண்டிருந்த விடை மூன்று வாரத்தில் வரும். 1947-இல் நின்றுபோன திருத்தம் மறுபடி தொடங்க அதுவே போதும்.